ஹெட் கேஸ்கெட் 'போச்சு' என்றால் என்ன? டர்போ காரில் அதைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

சைலன்சரில் வெள்ளைப் புகை தெரிந்தால் 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்கிறார்கள். எஞ்சின் சூடேறி நின்றுவிட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். கார் டர்போ வைத்ததாக இருந்தால் காரணமும் தயாராக இருக்கிறது: 'டர்போ அடிக்கிற காற்று பிய்த்துவிட்டது.'

இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பினால் இரண்டு விதமாக அடிபடுவோம். நன்றாக இருக்கும் எஞ்சினைத் தேவையில்லாமல் திறப்பது ஒன்று. உண்மையிலேயே பழுதான கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, அதைப் பழுதாக்கிய காரணத்தை அப்படியே விட்டுவைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும். நாள் கணக்கில் வேலை பார்த்து மூடிய எஞ்சினில், சில மாதங்களில் அதே இடத்தில் அதே கேஸ்கெட் மறுபடி போகும். அதனால், கேஸ்கெட் என்ன வேலை செய்கிறது, எதனால் தோற்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

குக்கர் மூடியிலிருந்து தொடங்குவோம்

குக்கர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் நாம் கேஸ்கெட் என்றுதான் சொல்கிறோம். பெயர் மட்டுமல்ல, வேலையும் ஒன்றுதான். பாத்திரம் உலோகம், மூடியும் உலோகம். இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் நடுவே மயிரிழை இடைவெளிகள் மிச்சமிருக்கும். நீராவிக்கு அது போதும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் நசுங்கிக்கொடுக்கும் ஒரு பொருளை நடுவில் வைக்கிறோம்.

குக்கரில் வெயிட் தூக்கும்போது உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். பார் என்பது அழுத்தத்தின் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையை வைத்தது போல. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காரின் ரேடியேட்டரிலும் இதே கதைதான் வரும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மூடியின் விளிம்பு கீழே விழுந்து நெளிந்திருந்தால், புது கேஸ்கெட் போட்டாலும் ஓரத்தில் சீறும். கேஸ்கெட் சிறிய இடைவெளியை அடைக்கும், நெளிந்த மூடியை நிமிர்த்தாது.

ஒரே தகட்டுக்கு மூன்று பொறுப்பு

எஞ்சினின் கீழ்ப்பகுதி பிளாக். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் அதில்தான் இருக்கின்றன. அதன்மேல் மூடியாக உட்காருவது சிலிண்டர் ஹெட். காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வுகளும், அவற்றைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் அதில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

பழைய கேஸ்கெட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரிசையாகப் பெரிய வட்டங்கள் தெரியும், அவை சிலிண்டர்களுக்கு. அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு துளைகளில் சில கூலன்ட் போகும் வழி, ஒன்றிரண்டு ஆயில் போகும் வழி, மீதி போல்ட் இறங்கும் துளைகள். கூலன்ட் என்பது எஞ்சினின் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு ஓடும் திரவம். அடுத்தடுத்த இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருக்கும் பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். சில மில்லிமீட்டர்தான் அகலம். இரண்டு பக்கமும் நெருப்பு, நடுவில் அவ்வளவுதான் சுவர். பழுதான கேஸ்கெட்டில் பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான் கறுப்பாகப் புகை ஓடிய தடம் இருக்கும்.

சிலிண்டருக்குள் எரியும் வாயு, ஒன்றரை பாருக்குள் ஓடும் கூலன்ட், சில பார் அழுத்தத்தில் ஓடும் ஆயில், இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெளியேயும் கசியக் கூடாது. மூன்றையும் ஒரே தகடு பிரித்து வைத்திருக்கிறது. இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் இது பல அடுக்கு எஃகுத் தகடு. ஒவ்வொரு அடுக்கிலும் வட்டத்தைச் சுற்றி மெல்லிய மேடு புடைத்திருக்கும். ஹெட்டை இறுக்கும்போது அந்த மேடு ஸ்பிரிங் போல அமுங்கி இரு பக்கமும் அழுத்தும்.

ஆக, ஹெட் கேஸ்கெட் போவது என்றால் இந்த மூன்று சுவர்களில் ஏதோ ஒன்று உடைந்தது என்று பொருள். எந்தச் சுவர் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

டர்போ வந்ததும் என்ன மாறுகிறது?

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனையிலும் மாட்டிய இரண்டு சக்கரங்கள். வெளியேறும் புகை ஒன்றைச் சுற்றும். அந்தச் சுற்றில் மற்றது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். இப்படிக் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு பூஸ்ட் என்று பெயர்.

'டர்போ காற்று கேஸ்கெட்டைப் பிய்த்துவிட்டது' என்பது இங்கேதான் தடுமாறுகிறது. சாதாரண டர்போ கார்களில் பூஸ்ட் 1 பாரை ஒட்டியே இருக்கும். குக்கரின் ரப்பர் வளையமே தாங்குகிற அழுத்தம் அது. எஃகு கேஸ்கெட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கூடுதல் காற்று வந்தால் கூடுதல் எரிபொருள் எரியும், அந்த எரிப்பில்தான் உண்மையான அழுத்தம் பிறக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் முழு விசையில் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் சுமார் 60 பார் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் எஞ்சினில் அது 100 பாரைத் தொடும். டர்போ டீசலில் 160 பாரையும் தாண்டும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். 60 பாரில் ஹெட்டை மேலே தள்ளும் விசை 3 டன், 100 பாரில் 5 டன். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை இப்படித் தள்ளுகிறது. இவ்வளவையும் எதிர்த்து ஹெட்டைக் கீழே பிடித்திருப்பவை சில போல்ட்டுகள். அவை பிடித்திருக்கும் வரைதான் கேஸ்கெட் நசுங்கிய நிலையில் இருக்கும்.

நிறுவனம் தயாரித்த அளவிலேயே ஓடும் டர்போ எஞ்சினில் போல்ட், கேஸ்கெட், பிளாக் எல்லாம் இந்த விசையைக் கணக்கில் எடுத்தே செய்யப்பட்டவை. டர்போ இருப்பதாலேயே கேஸ்கெட் போகும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு தப்பும்போதுதான் சிக்கல்.

கேஸ்கெட் எதனால் தோற்கிறது?

முதல் காரணம் சூடு. பல எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூடு ஏறினாலும் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள ஹெட், 80 டிகிரி சூடேறினால் 0.8 மில்லிமீட்டர் நீளும். கீழே இருக்கும் பிளாக் 0.4 மில்லிமீட்டர்தான் நீளும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் கேஸ்கெட் இரண்டுக்கும் நடுவே இப்படித் தேய்படுகிறது. வழக்கமான சூட்டில் அது தாங்கும். ஆனால் கூலன்ட் இல்லாமல் ஓடி எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால், போல்ட்டுகளுக்கு நடுவே சிக்கிய அலுமினியம் விரிய இடமில்லாமல் நெளிந்துவிடும். நெளிந்த குக்கர் மூடிதான் அப்புறம்.

இரண்டாவது காரணம் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு நெருக்கமானது: நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி எல்லாக் கலவையையும் எரிக்க வேண்டும். அந்தத் தீ வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிப்பதுதான் நாக்கிங். ஒரு கதவைத் தோளால் தள்ளித் திறப்பதற்கும் சம்மட்டியால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் கையைச் சுடும் அல்லவா? அதே போல டர்போ அமுக்கும் காற்றும் சூடாகிறது. சூடான கலவை சீக்கிரம் தானே வெடிக்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கத்தான் வழியில் இன்டர்கூலர் வைக்கிறார்கள். டர்போ கார் பிறந்தபோதே இந்தத் தொல்லையும் கூடவே பிறந்தது. 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில், நாக்கிங்கை அடக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து எஞ்சினுக்குள் தெளித்தார்கள்.

எஞ்சின் கம்ப்யூட்டரில் பூஸ்ட்டை உயர்த்திவிட்டு, எரிபொருளின் தரத்தையோ பற்றவைக்கும் நேரத்தையோ கவனிக்காமல் விடுவது ஆபத்தாவது இதனால்தான். தொடர்ந்து சம்மட்டி அடி விழுந்தால் ஹெட் நொடிப்பொழுதுக்கு மயிரிழை தூக்கும். அந்த இடுக்கில் நெருப்பு நுழைந்து கேஸ்கெட்டை அரிக்கும்.

வருடக்கணக்கில் மாற்றாத கூலன்ட் உலோகத்தை அரிப்பதும், முன்பு யாரோ போல்ட்டுகளைச் சரியாக இறுக்காமல் விட்டதும் மற்ற காரணங்கள்.

சுருக்கமாக: பூஸ்ட் காற்று நேரடியாக கேஸ்கெட்டை உடைப்பதில்லை. அதிக சூட்டில் நெளிந்த ஹெட், நாக்கிங், தளர்ந்த பிடி, இவைதான் உடைக்கின்றன.

எந்தச் சுவர் உடைந்தால் என்ன தெரியும்?

சிலிண்டருக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே உடைந்தால், வாயு கூலன்ட்டுக்குள் நுழையும். கூலன்ட் தொட்டியில் குமிழி வரும், எஞ்சின் ஏற்றத்தில் மட்டும் சூடேறும், காரின் ஹீட்டர் திடீரென்று குளிர்ந்த காற்றைத் தரும். காற்றுக்குமிழி தேங்கிய இடத்தில் கூலன்ட் ஓடாததுதான் காரணம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவில்லை, விரியவில்லை. ஹோஸ் மெத்தென்றுதான் இருக்க வேண்டும். அப்போதே கல் போல விறைத்திருந்தால் சிலிண்டரின் அழுத்தம் உள்ளே வருகிறது என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறந்துவிடாதீர்கள். 100 டிகிரியைத் தாண்டிய கூலன்ட் அழுத்தம் விட்டதும் நீராவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும்.

அதே ஓட்டை வழியாக எஞ்சின் நின்ற பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சில நொடி உதறும், பிறகு இனிப்பு வாடையோடு அடர்ந்த வெள்ளைப் புகை, எங்கும் சொட்டாமலே கூலன்ட் குறைவது என்று வரிசையாக வரும்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே உடைந்தால் கூலன்ட் குறையாது, புகை வராது. இழுவை மட்டும் குறையும், எஞ்சின் தடுமாறும். ஆயிலும் கூலன்ட்டும் சந்தித்தால் இரண்டும் அடித்துக் கலந்து பால் காபி நிறத்தில் கூழாகும்.

டர்போ காரில் ஏமாற்றும் அறிகுறிகள்

அவசரத் தீர்ப்புகள் பிறக்கும் இடம் இது. குளிர் நாளில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வரும் மெல்லிய வெள்ளைப் புகை வெறும் நீராவி, சூடானதும் நின்றுவிடும். அடிக்கடி ஐந்து நிமிடம் மட்டுமே ஓடும் காரில் ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் படலம் படிவதும் காற்றிலிருந்த ஈரம்தான். ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட்டும் குறையாமல் இருந்தால் நல்ல எஞ்சினைத் திறக்காதீர்கள்.

நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். டர்போவின் உள் சீல் தேய்ந்தால் அது வரும், கேஸ்கெட்டுக்கு அதில் பங்கு குறைவு. பல டர்போக்களைக் குளிர்விக்கக் கூலன்ட்டே ஓடுகிறது. அந்தக் குழாயிலோ டர்போவின் உடலிலோ கசிந்தால், கூலன்ட் கீழே சொட்டாமல் சூட்டிலேயே ஆவியாகி மறையும். டீசலில், வெளியேறும் புகையைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் கூலர் ஓட்டையானால் வெள்ளைப் புகை, கூலன்ட் குறைவு என்று கேஸ்கெட்டின் அறிகுறிகளையே அச்சு அசலாகக் காட்டும். ஆயில் கூலர் உள்ளுக்குள் உடைந்தால் காபி நிறக் கூழ் வரும், ஹெட் கேஸ்கெட் நலமாகவே இருக்கும். இந்த நான்கையும் பார்க்காமல் ஹெட்டில் கை வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சந்தேகத்தை உறுதியாக்கும் சோதனைகள்

முதலில் செய்ய வேண்டியது ரசாயனச் சோதனை. எதையும் கழற்ற வேண்டாம். ரேடியேட்டர் வாயில் ஒரு குழலை வைத்து, எஞ்சின் ஓடும்போது அங்கிருக்கும் காற்றை நீலத் திரவம் வழியாக உறிஞ்சுவார்கள். எரிப்பில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அதில் இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் பதில் ஏறக்குறைய உறுதி. மாறாவிட்டால் கேஸ்கெட் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்; சில ஓட்டைகள் எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போதுதான் திறக்கும்.

அடுத்தது கூலன்ட் அழுத்தச் சோதனை. குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பு மாட்டி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட வேண்டும். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கியும் வெளியே ஈரம் இல்லையென்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய கேமராவை இறக்கிப் பார்ப்பார்கள். மற்ற பிஸ்டன்கள் கரி பிடித்துக் கறுத்திருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல மின்னினால் கூலன்ட் அங்கேதான் இறங்குகிறது. கூலன்ட் நீராவியாகிக் கரியைச் சுரண்டிவிடுகிறது.

கம்ப்ரஷன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அமுக்குகிறது என்று அளக்கிறார்கள். தனி எண்ணை விட ஒப்பீடுதான் முக்கியம். சிலிண்டர்களுக்குள் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விசாரிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் சேர்ந்து குறைந்தால் நடுப்பட்டை எரிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது இதற்கும் அடுத்த சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வெளியிலிருந்து காற்றை ஏற்றி, அது எங்கே தப்புகிறது என்று காதால் கேட்பது. காற்று வரும் வழியில் இரைச்சல் கேட்டால் உள்வால்வு, சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு, ஆயில் மூடியில் கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல் விட்ட ஹெட். எஞ்சினே வாய்விட்டு இடத்தைச் சொல்லிவிடும்.

மாற்றும் வேலை

வேலையில் பெரும் பகுதி கேஸ்கெட்டை எட்டுவதற்கே போகும். பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டை வடித்து, காற்றுக் குழாய்கள், டர்போவின் ஆயில், கூலன்ட் குழாய்கள், டைமிங் பெல்ட் அல்லது செயின் என்று ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கழற்றிய டர்போ குழாய்களின் வாயை உடனே மூடிவையுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும் சக்கரத்தில் ஒரு சிறு நட் விழுந்தாலும் டர்போ முடிந்தது.

ஹெட் போல்ட்டை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சூட்டில் கழற்றினால் நல்ல ஹெட்டும் நெளியும்.

ஹெட் கையில் வந்ததும் நேர்க்கோலை அதன் பரப்பில் நீளமாகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்னும், தடிமன் குறித்த மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் அளவு மாறினாலும் அனுமதி பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள்தான். ஒரு காகிதத் தாளின் தடிமன். அதற்கு மேல் நெளிவு இருந்தால் ஹெட்டை ஃபேசிங் செய்ய, அதாவது பரப்பைச் சீவி மட்டமாக்கக் கொடுக்க வேண்டும். விரிசல் சோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள். பிளாக்கின் மேல்பரப்பையும் இதே போல அளக்க வேண்டும்; பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்ட, வேகமாகச் சுழலும் உப்புத்தாள் வட்டை எடுக்காதீர்கள். அது அலுமினியத்தில் பள்ளம் போடும். அதன் தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் பொறுமையும் போதும். பிளாக்கில் இருக்கும் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். அடி மூடிய துளையில் திரவம் சிக்கினால், இறங்கும் போல்ட் அதை அமுக்கி பிளாக்கையே பிளந்துவிடும்.

புது கேஸ்கெட்டில் மேல்பக்கம் எது என்று குறித்திருக்கும். டீசலில் தடிமனும் பார்த்து வாங்க வேண்டும். விளிம்பில் இருக்கும் வெட்டுகளோ துளைகளோ அதைக் காட்டும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தைத் தவிர எங்கும் பசை தடவக் கூடாது.

இப்போதைய ஹெட் போல்ட்டுகள் பல, இறுக்கும்போதே நிரந்தரமாக இழுபட்டு நீளும்படி செய்யப்பட்டவை. நீண்ட நிலையில் அவை இழுத்த ஸ்பிரிங் போல ஹெட்டைச் சீராகப் பிடிக்கின்றன. ஒருமுறை நீண்டதை மறுபடி நம்ப முடியாது. புதியதுதான் போட வேண்டும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி. முதலில் டார்க் ரெஞ்சில், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரில், சொன்ன அளவு. பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்பது போல, சொன்ன கோணத்துக்குத் திருப்ப வேண்டும். அளவும் வரிசையும் அந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். கைக்கணக்கு இங்கே செல்லாது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

கூலன்ட் கலந்த ஆயிலில் டர்போ ஓடியிருந்தால் அதன் தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். அந்தத் தண்டு மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தில்தான். புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, எரிபொருளை நிறுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட்டு, ஆயில் அழுத்தம் வந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் முன்பு கூழாகியிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் சூடேறியதால் கேஸ்கெட் போயிருந்தால், ஏன் சூடேறியது என்ற கேள்விக்கு இப்போதே பதில் தெரிந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, ஃபேன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாக்கிங் காரணமாக இருந்தால், உயர்த்திய பூஸ்ட்டைப் பழைய அளவுக்கு இறக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள். ஓட்டையை அடைக்கும் என்று கூலன்ட்டில் ஊற்றும் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கேஸ்கெட்டைத் தேடிப்போய் அடைப்பதில்லை. ரேடியேட்டர், ஹீட்டர், டர்போவின் மெல்லிய கூலன்ட் வழி என்று குறுகலாக இருக்கும் எதையும் அடைக்கும்.

கூலன்ட்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மட்டம் பாருங்கள். ஹீட்டரில் சூடான காற்று சீராக வர வேண்டும். பிறகு ஓர் இரவு காரை நிறுத்திவையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் கழித்து, மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கூலன்ட் நேற்று நின்ற கோட்டிலேயே நின்று, ஹோஸும் கைக்குள் மெத்தென்று அமுங்கினால், காரை வெளியே எடுக்கலாம்.